மேன்ஷன் மாடியில் ஒரு செம்பருத்தி

திருவல்லிக்கேணிக்கு வருகிறவர்கள் பார்த்தசாரதியைச் சேவிப்பார்கள். ரத்னா கஃபே சாம்பாரில் இட்லியை மூழ்கடிப்பார்கள். எங்கள் மேன்ஷன் மொட்டைமாடிக்கு யாரும் ஏறுவதில்லை. அங்கே 20 லிட்டர் பெயின்ட் டப்பாவில் ஒரு செம்பருத்தி.

முடி கொட்டுகிற கவலையில் பிரம்மச்சாரிகள் ஆளுக்கு நாலு இலை பறித்ததில் செடிக்கே வழுக்கை! மிச்சத்தை மாவுப்பூச்சி பிடித்துக்கொண்டது.

"தூக்கிக் கடாசுய்யா!" என்றார் ஓனர்.

வாட்ச்மேன் பெரியவர் விடவில்லை. தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியைக் கழுவினார். வேப்பெண்ணெயையும் சோப்பையும் தண்ணீரில் கலக்கி, வெயில் தாழ்ந்ததும் தெளித்தார். டப்பா அடியில் ஓட்டை போட்டார். கிளைகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டினார்.

பதறிப்போனோம். "புதுக் கொழுந்துலதான் தம்பி பூ வைக்கும்" என்றார்.

இரண்டு மாதத்தில் ஒன்பது பூ! காலையில் விரிந்தது சாயங்காலம் சுருங்கிவிடும். ஆபீஸ் கிளம்புமுன் பார்த்துவிட வேண்டும்.

ஓனர் வீட்டுப் பூஜைக்குத் தினம் மூன்று போகிறது. இலைக்கு மட்டும் வாட்ச்மேனிடம் பர்மிஷன் வாங்க வேண்டும். தர மாட்டார்.