தடை தாண்டப் போகும் நண்பர்களுக்கு

“ராஜா தேசிங்கு புறப்பட்டு விட்டார்!” ஞாயிறுதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு என் அறைத்தோழர் போர்வைக்குள்ளிருந்தே என்னை இப்படித்தான் வழியனுப்புகிறார். தேசிங்கு டில்லிப் பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்கியதாகக் கதைப்பாட்டு சொல்கிறது. அடங்காத குதிரை நம் போன்றோருக்கு ஆகாது என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. நம் மன்றத்து அன்பர் மூவர் இவ்வாண்டு குதிரையேற்றம் பயிலத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் இருவர் குளிர்காலத்தில் தடை தாண்டும் போட்டியிலும் இறங்கப் போகிறார்களாம். அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

ஐதராபாத்துக்குக் குதிரை புதிதன்று. ஆறாம் நிஜாம் காலத்தில், 1886-இல், பந்தயங்கள் மௌலா அலியிலிருந்து மலக்பேட்டைக்கு வந்தன. ‘ஏ.சி. கார்ட்ஸ்’ என்று சொல்லிப் பஸ்ஸில் சீட்டு வாங்குகிறோமே, அது நிஜாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலரால் வந்த பெயர். 1975-இல் மவுண்ட் அபுவிலிருந்து இங்கு வந்த தேசிய போலீஸ் அகாதமியில் ஐ.பி.எஸ். பயிற்சியோடு குதிரையேற்றமும் உண்டு. அந்தக் கனவு காணும் நம் நண்பர்கள் கவனிக்க!

சவாரிப் பள்ளிகளில் நமக்குக் கிடைக்கும் குதிரைகளில் பல, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை. ஓடுவதே அவற்றின் பழைய தொழில். காத்திருப்பது புதிய பாடம். ஆகையால் புதியவர் ஒருவர் தமக்குச் சமமான புதிய குதிரையைத் தேர்ந்தெடுப்பது போன்ற விபரீதம் வேறில்லை. நாம் தடுமாறினாலும் தான் தடுமாறாத, வயதான, நூறு முறை அந்தக் கழியைத் தாண்டிச் சலித்துப்போன குதிரையைக் கேட்டு வாங்குங்கள். அழகு பார்க்க வேண்டா. சொந்தக் குதிரை வாங்கும் எண்ணமோ இப்போதைக்கு வேண்டவே வேண்டா.

குதிரை ஏன் தடையின் முன் நின்றுவிடுகிறது? பயிற்சி இல்லாதவர் அதைப் பிடிவாதம் என்பர். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னே, மிக அருகில் உள்ளது அதற்குத் தெரியாது. எழும்பும் கணத்தில் தடை அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. முன்பே கண்டு கணித்ததை நம்பித்தான் அது பாய்கிறது. கோணலாகக் கொண்டுபோனாலும், கடைசி நொடியில் கடிவாளத்தைப் பிடித்து இழுத்தாலும் அந்தக் கணக்கு கெடுகிறது. நம் வேலை நேராகவும் ஒரே வேகத்திலும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். பிறகு சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று சித்தர்களைக் கேட்டால் தெரியும்!

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியக் குதிரைப்படையினர் தாண்டும்போது பின்னால் சாய்ந்தே பழகினார்கள். இத்தாலியப் படை அதிகாரி பெடரிகோ காப்ரில்லி அதை மாற்றினார். உடல் முன்னே வரட்டும், முதுகுக்குப் பளு குறையட்டும், கைகள் குதிரையின் வாயைத் தொடர்ந்து போகட்டும் என்றார். இன்று உலகமெங்கும் அதுவே முறை. கை தொடரப் பழகும் வரை பிடரி மயிரைப் பற்றிக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. குதிரையின் வாயைக் கிழிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

அந்தக் காப்ரில்லியே 1907-இல், 39 வயதில், குதிரையிலிருந்து விழுந்துதான் மாண்டார். ஆகவே விழுவதைப் பற்றியும் பேச வேண்டும். விழுந்தவுடன் மறுபடி ஏறிவிடு, இல்லாவிட்டால் பயம் தங்கிவிடும் என்பது பழைய உபதேசம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சில மாதங்களுக்கு முன் எங்களோடு பயிலும் ஒரு தம்பி தலை தரையில் மோத விழுந்தார். உடனே சிரித்துக்கொண்டே எழுந்தார். “ஏறு, ஏறு!” என்று சுற்றி நின்றவர்கள் கூவினார்கள். தம்பியோ, “நான் எந்தக் குதிரையில் வந்தேன்?” என்று கேட்டார். பதில் சொன்னோம். ஒரு நிமிஷம் கழித்து அதையே மறுபடி கேட்டார். லாயத்துக் கிழவர் “நக்கோ!” என்று ஒரே சொல்லில் முடித்துக் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொன்னார். பல வாரங்கள் தம்பிக்குச் சவாரி இல்லை. தலையில் அடிபட்டவர் அன்று ஏறக் கூடாது. அடி வாங்கிய ஹெல்மெட்டும், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், அன்றோடு குப்பைக்குப் போக வேண்டும். புதியது வாங்கப் பணமில்லை என்றால் சினிமாவைக் குறைத்துக்கொள்ளுங்கள், தலையை அன்று.

இனிப் போட்டி. பள்ளியில் நீங்கள் தாண்டும் உயரத்தைவிட ஒரு படி தாழ்ந்த பிரிவிலேயே பெயர் கொடுங்கள். தொடங்குமுன் களத்தில் கால்நடையாக நடந்து பார்க்க விடுவார்கள். பலர் அதைப் பேச்சுக் கச்சேரியாக்கி விடுகிறார்கள்! அது கணக்குப் போடும் நேரம். கேன்டர் ஓட்டத்தில் குதிரையின் ஒரு தாவல் ஏறக்குறைய 12 அடி; மூன்றடி வைக்கும் நம் நடையில் நான்கு எட்டு. தரையிறங்க ஆறடி, எழும்ப ஆறடி கழியுங்கள். இரண்டு தடைகளுக்கிடையே 60 அடி இருந்தால் நான்கு தாவல், 72 அடி இருந்தால் ஐந்து. மூன்றடி எட்டு தவறாமல் வைக்க நான் விடுதித் தாழ்வாரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பழகினேன். அறைத்தோழருக்கு மேலும் ஒரு கேலி கிடைத்தது.

சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். மணி அடிக்குமுன் தொடங்கினால் வெளியேற்றம். வரிசை மாறித் தாண்டினாலும் அப்படியே. ஒரு கழி விழுந்தால் 4 தண்டனைப் புள்ளி. விழுந்த கழியின் ஓசை கேட்டுத் திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பும் தலையோடு உடலும் திரும்பும், அடுத்த தடையும் போகும். கண் எப்போதும் தாண்டப்போகும் தடைக்கும் அப்பால் இருக்கட்டும்.

சுற்று முடிந்ததும் சேண வாரைத் தளர்த்தி, மூச்சு அடங்கும் வரை குதிரையை நடத்துங்கள். வெயில் நாளானால் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு கால்களையும் கையால் தடவி, எங்கேனும் சூடோ வீக்கமோ உண்டா என்று பாருங்கள். புள்ளிப் பலகையை அப்புறம் போய்ப் பார்க்கலாம். அது எங்கும் ஓடிவிடாது.