பழி சொல்லும் முன் காத்திருப்பை அளப்போம்

அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளைக் காணாதவர் நம்மில் இல்லை. வண்டியில் பழுதில்லை, ஓட்டுநரும் தயார். ஆயினும் எடைமேடையில் தன் முறை வரும்வரை லாரி நின்றுதான் ஆக வேண்டும். மெய்நிகர் சர்வர் மெதுவாக இயங்குகிறது என்று எவரேனும் அழைத்தால், நாங்கள் முதலில் தேடுவது இத்தகைய காத்திருப்பையே.

ஒரே கணினிக்குள் பல சர்வர்கள் குடியிருப்பதே மெய்நிகர் முறை. ஒவ்வொன்றும் தான் மட்டுமே அங்கு இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. ஆகவே அதனுள் அமர்ந்து பார்ப்பவருக்கு அண்டை வீட்டாரின் நெருக்கடி தெரிவதில்லை.

பெரம்பலூரில் ஒரு மருத்துவமனை. காலை பத்து மணியானால் பில் போடும் மென்பொருள் திணறும். முதியவர்கள் மருந்துக்காகக் கால்கடுக்க நிற்பார்கள். பழி முழுவதும் கவுண்ட்டரில் இருந்த சகோதரியின் மீது விழுந்தது. அவரை வேலையிலிருந்து நீக்கும் பேச்சும் எழுந்தது. மென்பொருள் தந்தவரோ மெய்நிகர் பிராசசர்களை நான்கிலிருந்து எட்டாக்கினார். திணறல் இன்னும் மிகுந்தது.

சர்வருக்குள் பார்த்தால் பிராசசரில் பாதி ஓய்வாக இருப்பதாகவே காட்டியது. வெளியே, விஎம்வேர் மேலாண்மைத் திரையில், 'சிபியு ரெடி' என்னும் அளவைப் பார்த்தோம். வேலை தயாராக இருந்தும் பிராசசர் கிடைக்காமல் கழிந்த நேரம் அது. 20 வினாடிக்கு ஒருமுறை அது மில்லிவினாடியில் பதிவாகும்; 1,000 என்றால் 5 சதவீதம். அங்கே ஒவ்வொரு மெய்நிகர் பிராசசருக்கும் 3,000, அதாவது 15 சதவீதம்! எட்டு கோர் உள்ள கணினியில் 28 மெய்நிகர் பிராசசர்களைப் பங்கிட்டிருந்தார்கள். ஒரு சர்வரின் பிராசசர்கள் ஏறத்தாழ ஒன்றாக முன்னேற வேண்டும்; ஒன்று வெகுவாக முந்தினால் மற்றவை வந்து சேரும்வரை அது நிறுத்தப்படும். எனவே தேவைக்கு மேல் கொடுப்பதே தடையாகிறது.

எட்டை மீண்டும் நான்காக்கினோம். சும்மா கிடந்த அண்டை சர்வர்களின் பங்கையும் குறைத்தோம். காலையில் ஓடிய வைரஸ் சோதனையை இரவுக்கு மாற்றினோம். புதிதாக எதுவும் வாங்காமலே வரிசை நகர்ந்தது. தவறு கவுண்ட்டரில் இல்லை என்பதை, அளவுகளோடு நிர்வாகத்திடம் எழுதியும் கொடுத்தோம். அந்தச் சகோதரி இன்றும் அங்கே பணியில் இருக்கிறார்.

எல்லா இடத்திலும் நோய் இதுவே என்று கொள்ளலாகாது. நினைவகம் பற்றாதபோது தாய்க் கணினி 'பலூனிங்' முறையில் சர்வர்களிடமிருந்து அதைத் திரும்பப் பெறும். அதுவும் போதாவிடில் வட்டில் எழுதத் தொடங்கும், அப்போது எல்லாமே தவழும். நாள்கணக்கில் நீக்காமல் விட்ட ஸ்னாப்ஷாட்டும் வட்டை மெதுவாக்கும். வட்டு பதில் தர 20 மில்லிவினாடிக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் அங்கே கவனம் வேண்டும். கேவிஎம்மில் இயங்கும் லினக்ஸ் என்றால், 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்னும் எண்ணே பிராசசருக்கான காத்திருப்பைச் சொல்லும்.

இத்துறையில் இருக்கும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். சர்வர் நலமாக ஓடும் நாளிலேயே அளவுகளைக் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காரணம் தெரியும்வரை எந்த மனிதர் பெயரையும் அறிக்கையில் எழுதாதீர்கள். நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது இயந்திரம் மட்டுமன்று.