பாண்டிக் கட்டத்தில் பாடம்

எங்கள் குத்தம்பாக்கத்துப் பேத்திக்கு ஏழு வயது. புத்தகத்தைக் கண்டால் வயிற்றுவலி வந்துவிடும். பாண்டி ஆடக் கூப்பிட்டால் பறந்து வருவாள்! வகுப்பிலேயே பாட்டும் ஆட்டமுமாகச் சொல்லித் தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம், 2022-இல் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் ஆரம்பமாயிற்று. பள்ளிக்கூடத்தில் ஆடலாம், வீட்டு வாசலில் ஆடக்கூடாதா?

கட்டத்துக்கு ஒரு சொல் எழுதினேன்: 'வந்தான்', 'இல்லை', 'எனக்கு', 'அங்கே'. நான் சொல்லும் சொல்லுக்கு அவள் நொண்டியடித்துப் போகவேண்டும். கெட்டிக்காரி, இரண்டே நாளில் இடத்தை மனப்பாடம் செய்துவிட்டாள்! தினமும் சொற்களை இடம் மாற்றினேன். அப்புறம்தான் எழுத்தைப் பார்த்தாள்.

'அங்கே'யில் மட்டும் தடுமாற்றம். காதுக்குப் பின்னால் கேட்பது, கண்ணுக்குக் கொம்பாக முன்னால் நிற்கிறதே! கொம்பைச் சிவப்புச் சாக்கட்டியால் எழுதினேன்.

நேற்றுப் பூந்தமல்லி பஸ்ஸில், "பாட்டி! 'இங்கே துப்பாதே'!" என்று உரக்கப் படித்தாள். முன் ஸீட்டுக்காரர் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.