அத்தா எழுதி வைத்த கணக்கு

சென்ற ரமளானுக்கு முந்திய வாரம், பூந்தமல்லியிலிருந்து அத்தாவின் பழைய நண்பர் ஒருவர் அம்பத்தூரிலுள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். தேநீர் அருந்தி, அம்மாவின் நலம் விசாரித்து, புறப்படும் தறுவாயில்தான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"தம்பி, உங்க அத்தா எனக்குக் கொஞ்சம் பணம் தரணும். 20,000 ரூபாய்னு ஞாபகம். எழுத்து ஒண்ணும் கிடையாது. உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா கொடுங்க. இல்லேன்னா நான் மன்னிச்சுட்டேன்."

அத்தா வஃபாத்தாகி ஓராண்டு ஆகியிருந்தது. ஆவடியிலிருந்த மனையை விற்றுப் பாகம் பிரிக்கும் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. இறந்தவரின் கடனை அடைத்த பின்னரே வாரிசுகளுக்குப் பங்கு என்பது நம் இல்லங்களில் சிறு பிள்ளையும் அறிந்த சட்டம். ஆனால், கடன் எவ்வளவு?

தம்மாமில் பணியாற்றிய காலத்தில் அத்தா தம் கொடுக்கல் வாங்கலையெல்லாம் எனக்கு எழுதிவிடுவார். தொண்ணூறுகளில் ஏர்மெயில் தாளாகவும் குரல் பதிந்த கேசட்டாகவும் வந்தவை, 2005க்குப் பின் மின்னஞ்சலாயின. தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்புவார். அவை யாவும் கூடத்து மூலையிலுள்ள பழைய மேசைக் கணினியில், தண்டர்பேர்டு என்னும் அஞ்சல் நிரலுக்குள் இருந்தன. அஞ்சலை இறக்கிக்கொண்டதும் சேவையகத்திலிருந்து நீக்கிவிடுமாறு நானே அமைத்து வைத்திருந்தேன். ஆகவே அந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் பிரதி கிடையாது.

அன்றிரவு இஷாவுக்குப் பின் கணினியை இயக்கினேன். அஞ்சல் பெட்டியைச் சொடுக்கிய மாத்திரத்தில் திரை வெளுத்தது. 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று மேலே ஓர் அறிவிப்பு. ஐந்து நிமிடம் பொறுத்தேன். பின்னர் மின்பொத்தானை அழுத்தி அணைத்தேன். மும்முறை இவ்வாறே செய்தேன். அது எத்துணை மடமை என்பது பிறகே விளங்கிற்று. மறுநாள் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கேட்டதற்கு, "ஃபார்மேட் அடிச்சிடலாம் பாய், புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். புதியது யாருக்கு வேண்டும்?

கடைசியில் கைகொடுத்தவள் ஆவடியிலிருக்கும் என் தங்கையின் மகள். பொறியியல் படிப்பவள். "மாமா, இனிமே அந்தப் பட்டனைத் தொடாதீங்க" என்பதுதான் அவளது முதற் கட்டளை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினாள். திரை அசையாவிட்டாலும், நிரல் வன்தட்டிலிருந்து ஓயாமல் எதையோ படித்துக்கொண்டிருந்தது. ஹேங் ஆனது வேறு, வேலையில் மூழ்கியிருப்பது வேறு. வேலை நடக்கும்போது மின்சாரத்தைத் துண்டித்தால்தான் கோப்பு சிதையும் என்றாள்.

வைத்தியத்திற்கு முன்னால், அஞ்சல்கள் அடங்கிய 'புரொஃபைல்' கோப்புறை முழுவதையும் வெளித் தட்டு ஒன்றில் பிரதி எடுத்துக்கொண்டாள். பின்னர் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே நிரலைத் திறந்தாள். துணைச் செருகல்கள் ஏதும் இன்றித் திறக்கும் வழி அது. அப்போதும் திரை வெளுத்தது.

அதன் பிறகு அவள் காட்டியது எனக்குப் புதுச் செய்தி. பெட்டியிலுள்ள கடிதங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன. அதன் அருகே 'எம்எஸ்எஃப்' என்று முடியும் சிறு கோப்பு ஒன்று உண்டு. முன்னது பேரேடு, பின்னது அதன் பொருளடக்கம். எங்கள் பேரேடு 3 ஜிகாபைட்டைத் தாண்டியிருந்தது. பெருநாள் வாழ்த்துப் படங்களும் யார் யாரோ அனுப்பிய காணொளிகளுமே அதில் பெரும்பகுதி! அழித்தவைகூடப் போய்விடவில்லை. அழித்த கடிதத்தின்மீது ஓர் அடையாளம் மட்டுமே இடப்படுகிறது. 'காம்பாக்ட்' செய்தால்தான் அது உண்மையில் அகலும். அதைச் செய்யட்டுமா என்று நிரல் கேட்டபோதெல்லாம் 'பிறகு' என்று தள்ளியவன் நானே.

நிரலை மூடிவிட்டுப் பொருளடக்கக் கோப்பின் பெயரை மாற்றினாள். மறுபடி திறந்ததும், பழையதைக் காணாத நிரல் பேரேட்டை முதலிலிருந்து படித்துப் புதிய பொருளடக்கம் எழுதத் தொடங்கியது. திரை மறுபடியும் வெளுத்தது. என் கை பொத்தானை நாடியது. "மாமா!" என்றாள். நாற்பது நிமிடம் கழிந்தது. அல்ஹம்துலில்லாஹ், பட்டியல் வந்தது.

ஆயினும் தேடிய கடிதத்தைக் காணோம். எப்போதோ இடம் போதவில்லையென்று பழையவற்றை அழித்தது நினைவுக்கு வந்து, நெஞ்சு பதைத்தது. அவளோ பேரேட்டுக் கோப்பிலேயே நேரடியாகச் சொல் தேடும் கட்டளை ஒன்றைக் கொடுத்து, பூந்தமல்லி என்பதை அத்தா எழுதும் வழக்கப்படி ஆங்கில எழுத்துகளில் இட்டாள். 2009ஆம் ஆண்டுக் கடிதம் வந்து நின்றது! அழித்ததாக அடையாளமிட்டது, 'காம்பாக்ட்' செய்யாததால் தப்பியது. என் சோம்பலை எண்ணி வெட்குவதா, மகிழ்வதா என்று தெரியவில்லை. தங்கையின் திருமணத்திற்காக 50,000 ரூபாய் பெற்றதையும், 15,000 திருப்பியதையும், மீதி 35,000 நிற்பதையும் அத்தா எழுதியிருந்தார்.

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு, மறுவாரம் பணத்துடன் பூந்தமல்லி சென்றேன். ஆங்கில எழுத்துத் தமிழ் பெரியவருக்குப் பிடிபடவில்லை. நானே படித்துக் காட்டினேன். "50,000மா? நான் மறந்தே போயிட்டேன் தம்பி" என்றார். அத்தா கடைசி வரியில் அவரைக் கேலி செய்திருந்தார்: "கேட்கக் கூச்சப்படுவான், நீயே நினைவூட்டிக் கொடு." பணத்தை எண்ணாமல் மேசைமீது வைத்துவிட்டு, அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.