நீர் ஏறும் வரை

திருநாவலூரில் பிறந்த எங்கள் அப்பாவுக்கு நதியென்றால் கெடிலம். ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். சென்ற கோடையில் இங்கிலாந்து வந்தவரைத் தேம்ஸ் நதிக்கு அழைத்துச் சென்றோம். மெய்டன்ஹெட்டில் வாடகைப் படகெடுத்து, எதிரோட்டத்தில் மார்லோ வரை ஒரு நாள் பயணம். வழியில் போல்ட்டர்ஸ், குக்கம், மார்லோ என மூன்று லாக்குகள். தேம்ஸில் இத்தகையவை 45 உண்டு.

படகு நுழைந்ததும் பின்கதவை மூடி, முன்கதவின் மதகைத் திறக்கிறார்கள். ஈரச்சுவரின் அடியில் கயிற்றைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இருபுறமும் நீர் ஒரே மட்டத்துக்கு வந்தபின்னரே முன்கதவு திறக்கும்.

முதல் லாக்கில் அப்பா எதுவும் பேசவில்லை. இரண்டாவதில், “பக்கிங்காம் கால்வாயிலும் இது இருந்தது” என்றார். மரக்காணத்திலிருந்து சென்னை சென்ற உப்புப்படகில் சிறுவனாகப் போயிருக்கிறாராம். கரையில் நடந்து கயிறிழுத்த கூலிகளுள் ஒருவர் எங்கள் தாத்தா. அவரை விவசாயி என்றே நாங்கள் அறிந்திருந்தோம். ஊரில் நிலம் வாங்கியபின் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லையாம்.

1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்கள் சென்னைக்குள் வெட்டிய அக்கால்வாயில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

மூன்றாவது லாக்கில் கயிற்றை அப்பாவிடம் கொடுத்தோம். எவரும் சொல்லித்தராமலே, நீர் ஏற ஏற, அதைத் தளரவிடாமல் இழுத்துக்கொண்டே வந்தார்.