கல் இல்லாத கல்லறைகள்

லண்டனுக்கு வடமேற்கே, பக்கிங்ஹாம்ஷயரில் ஜோர்டன்ஸ் என்றொரு சிற்றூர். 1688இல் கட்டப்பட்ட செங்கல் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. கோபுரம் இல்லை, மணி இல்லை. குவேக்கர்கள் கூடி மௌனமாக வழிபடும் இடம். பக்கத்துப் புல்வெளியில் சில குட்டையான கற்கள். ஒன்றில் வில்லியம் பென் என்ற பெயர். அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர் 1718இல் இங்கேதான் அடக்கமானார். ஆனால் கல் வந்தது 19ஆம் நூற்றாண்டில். சரியாக அந்தக் கல்லுக்குக் கீழேதான் அவர் இருக்கிறார் என்று அடித்துச் சொல்ல யாருமில்லை.

காரணம் குவேக்கர்களின் கொள்கை. சாவிலும் உயர்வு தாழ்வு கூடாது என்றவர்கள் அவர்கள். இருக்கிற கல்லறைக் கற்களையும் அகற்றிவிடும்படி 1717இல் அவர்களது ஆண்டுக் கூட்டம் கேட்டுக்கொண்டது. ஒரே மாதிரியான எளிய கற்களுக்கு அனுமதி கிடைத்தது 1850இல்தான். அதுவரை புதைக்கப்பட்டவர்களுக்கு அடையாளம் காகிதம் மட்டுமே.

இங்கிலாந்தில் தன் முன்னோரைத் தேடுகிறவர் முதலில் புரட்டுவது ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குதோறும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவிட்டார். அதில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒரு குடும்பம் 1650களிலோ 1660களிலோ சட்டென்று காணாமல் போகும். கொள்ளைநோயில் அழிந்ததா? ஊரைவிட்டுப் போனதா? இரண்டும் இல்லாமல், அதே வீட்டிலேயே அந்தக் குடும்பம் இருந்திருக்கக்கூடும், குவேக்கராக மாறி.

குவேக்கர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பாதிரியார் முன் மணம் முடிப்பதில்லை. தசமபாக வரி கட்டவும் நீதிமன்றத்தில் சத்தியம் செய்யவும் மறுத்துச் சிறை சென்றார்கள். இறந்தவர்களைத் தங்கள் தோட்டத்திலோ தனி இடுகாட்டிலோ புதைத்தார்கள். தேவாலயப் பதிவேட்டில் அவர்களுக்கு வேலையே இல்லை. ஆனால் வாரிசுரிமை வழக்கு வந்தால் ஆதாரம் வேண்டுமே! பிறப்பு, திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் தங்கள் சபைகளிலேயே கவனமாக எழுதினார்கள். 1776 முதல் அச்சிட்ட படிவங்களும் வந்தன. அடக்கப் பதிவுக்கு அச்சுப் படிவம் தேவாலயங்களுக்கு வந்தது 1813இல்தான். அதற்கு முன் பல பங்குகளில் பெயரும் தேதியும் மட்டுமே மிஞ்சும்.

தேடுபவரைத் தடுக்கி விழவைப்பது தேதிகள். ஜனவரி, மார்ச் போன்றவை பழைய தெய்வங்களின் பெயர்கள் என்பதால் குவேக்கர்கள் மாதங்களை எண்ணால் குறித்தார்கள். 1752க்கு முன் முதல் மாதம் என்றால் மார்ச். புத்தாண்டு மார்ச் 25. இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் இறந்தது பழைய கணக்கில் 1690, பதினோராம் மாதம் 13. அதை நவம்பர் என்று படித்தால் தப்பு. இன்றைய வழக்கில் அது 1691 ஜனவரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. குவேக்கர் இடுகாட்டில் கிடப்பவர் எல்லாரும் குவேக்கர் அல்ல. உறுப்பினர் அல்லாதவர்களும் அங்கே புதைக்கப்பட்டார்கள். வெளியே மணம் முடித்ததற்காக சபையிலிருந்து நீக்கப்பட்டவரின் பிள்ளைகள் மறுபடி தேவாலயப் பதிவேட்டில் தலைகாட்டுவார்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாக வேண்டும்.

1837 ஜூலையில் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது. பிறகு குவேக்கர்கள் தங்கள் பழைய ஏடுகளை அரசிடம் ஒப்படைத்தார்கள், கொடுக்குமுன் சுருக்கப் பிரதி எடுத்துக்கொண்டு. அசல் ஏடுகள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரதிகளை லண்டன் யூஸ்டன் சாலையில் அவர்களது நூலகத்தில் பார்க்கலாம்.

ஃபாக்ஸ் அடக்கமான லண்டன் பன்ஹில் இடுகாடு இன்று சிறு பூங்கா. அங்கே அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. கூடக் கிடக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இல்லை. அவர்களைத் தேடி வருகிறவர் பூங்காவிலிருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். புத்தகத்தைத் திறந்தால் கதை வேறு. அங்கே தலைவருக்கும் தையற்காரருக்கும் கிடைப்பது ஒரே அளவு இடம்.