போனது பையனா, பெண்ணா?

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? செஞ்சி வட்டாரத்தில் ஏரியைப் பார்த்தபடி ஒரு குன்று. மேலே ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீஸ்வரர் கோயில். அங்கே ஒரு சிறு சன்னதிச் சுவரில் சுமார் 1300 வருஷமாக ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள் பார்வதி. நிறைய உதிர்ந்துபோன ஓவியம்தான். ஆனாலும் என்ன அழகு!

அவளால்தான் இத்தாலிய வகுப்பில் என் மானம் போனது. :-)

விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார் ஆசிரியை. "பனமலைக்குப் போனேன்" என்பதற்கு "ஸோனோ அந்தாத்தோ" என்று ஆரம்பித்திருந்தேன். வாசித்துவிட்டு, "யார் இந்தப் பையன்?" என்றார். தயங்கித் தயங்கி நான் கை தூக்கினேன். வகுப்பே சிரித்தது. நான் பெண்!

விஷயம் இதுதான். "போயிருக்கிறேன்", "சாப்பிட்டிருக்கிறேன்" இரண்டுக்கும் நமக்கு ஒரே துணைவினை, 'இரு'. இத்தாலியத்தில் இரண்டு. போ, வா மாதிரி வினைகளுக்கு 'எஸ்ஸெரே' (இரு). சாப்பிடு, பார் மாதிரி செயப்படுபொருள் கேட்கும் வினைகளுக்கு 'அவேரே' (உடைத்தாயிரு). இதோடு விட்டால் பரவாயில்லை. தூங்கு, நட இரண்டும் செயப்படுபொருள் கேட்காது, ஆனாலும் அவேரேதான்!

எஸ்ஸெரே வந்தால் எச்சம் எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும். ஆண் அந்தாத்தோ, பெண் அந்தாத்தா. பலர் என்றால் அந்தாத்தி, எல்லோரும் பெண்கள் என்றால் அந்தாத்தே. நம்ம 'போய்' யாருக்காகவும் மாறாது. "போனேன்" என்றாலும் ஆணா பெண்ணா தெரியாது. அந்த வசதியிலேயே வளர்ந்தவள், அகராதியில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டேன்.

அடுத்த வரியிலும் தப்பு. "அவளைப் பார்த்தேன்" என்பதற்கு "லோ விஸ்தோ" என்று எழுதியிருந்தேன். அவேரேயோடு எச்சம் பொதுவாக மாறாது. ஆனால் 'அவனை', 'அவளை' என்ற பெயர் முன்னால் வந்துவிட்டால் எச்சம் அதைப் பின்பற்றும். அதனால் "லோ விஸ்தா". பார்த்தது யாராக இருந்தாலும் சரி, பார்க்கப்பட்டவள் பெண்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தேன். "பார்த்தேன்" என்ற வினையில் நான் மட்டும்தான் இருக்கிறேன். "லோ விஸ்தா"வின் கடைசி எழுத்தில் அந்தச் சுவரோவியத்துக்காரிக்கும் ஒரு இடம் இருக்கிறது.

இப்போது மறக்காது. ஸோனோ அந்தாத்தா. லோ விஸ்தா. போனது நான், பார்த்தது அவளை.